மார்ச் பொறுப்பு

அந்த வெள்ளைக் குச்சி, வாஃபிள் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்ப்பதற்கான குச்சி என்றுதான் இரத்தினவேல் நினைத்தார். அதற்கு எதற்கு இவ்வளவு நீளம் என்று ஒரு சந்தேகம் வந்ததுதான். ஆனால் நோர்வேக்காரர்கள் பாலாடைக்கட்டி சீவுவதற்கே தனியாக ஒரு கருவி வைத்திருப்பவர்கள். வாஃபிளைக் குத்தவும் ஒன்று வைத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, குச்சியைக் கழுவித் துடைத்துக் கரண்டிகளோடு போட்டுவிட்டார்.

குச்சியைக் கொண்டுவந்து தந்தவள் மேரின். மகள் கம்சிகா கிளாரினெட் வாசிக்கும் பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்கு, இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் பெற்றோர் தலைவி. ஒரு கையில் கார்ச் சாவி, மறு கையில் தொலைபேசி, தோளில் நாலு பைகள் என்று எப்போதும் ஓட்டமாகவே இருப்பவள்.

"ஞாயிற்றுக்கிழமைக்கு இது தேவைப்படும்! நீங்கள் ஒப்புக்கொண்டதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?" என்று நோர்வேஜிய மொழியில் படபடவென்று பொரிந்துவிட்டு, மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கி ஓடிவிட்டாள்.

வாஃபிள் சுட ஒருவர் ஒப்புக்கொண்டதில் என்ன பெருமை என்று இரத்தினவேலுக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தில் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்.

"யா, யா."

இருபத்தாறு வருட ஒஸ்லோ வாழ்க்கையில் அந்த இரட்டை "யா" அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை. ஒற்றை "யா" என்றால் ஆம் என்று பொருள். இரட்டை "யா" என்றால், சொல்லிக்கொண்டே போங்கள், பிறகு எப்படியாவது கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்று பொருள். அவர் வீட்டில் அவர்தான் நோர்வேஜிய மொழிக்கு அதிகாரி. வரி அலுவலகக் கடிதமானாலும் பல் வைத்தியரின் கடிதமானாலும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்தான் வாசித்து விளக்கம் சொல்வார். மனைவி யோகராணி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். நாள் முழுக்க நோர்வேஜியப் பாட்டிமாரோடு கதைத்துச் சிரித்துவிட்டு வருபவள். அவள் வாயிலிருந்து ஒரு நோர்வேஜியச் சொல் விழுந்தால் அதன் உச்சரிப்பைத் திருத்தாமல் இரத்தினவேலுக்குச் சோறு இறங்காது.

பத்து நாளைக்கு முன் மேரின் தொலைபேசியில் பேசியபோது அவர் வெஸ்ட்லியில், பாதையின் கடைசி நிலையத்தில், சுரங்க ரயிலை நிறுத்திவிட்டு மேடையில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காற்று காதைப் பிய்த்தது.

"நீங்கள் மார்ஷ் எடுப்பீர்களா?" என்று கேட்டாள் மேரின்.

மார்ஷ் என்றால் மார்ச் மாதம். வாத்தியக் குழுப் பிள்ளைகளின் பெற்றோர் மாதத்துக்கு ஒருவராகச் சிற்றுண்டிக் கடையைப் பொறுப்பெடுத்து வாஃபிள் சுட்டு விற்கவேண்டும். ஊருக்காகச் சம்பளமில்லாமல், முகம் சுளிக்காமல் செய்யும் வேலை. டுக்னாட் என்பார்கள். மார்ச் முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை குளிர்காலக் கச்சேரி வேறு இருந்தது. யாராவது எடுக்கத்தானே வேண்டும் என்று இரத்தினவேல் "யா" என்றார்.

குச்சி வந்த அன்று பாடசாலை விட்டு வந்த கம்சிகா கரண்டி எடுக்க லாச்சியைத் திறந்தபோதுதான் வினை தொடங்கியது.

"அப்பா, இது ஏன் கரண்டிக்குள்ளை கிடக்கு?"

"அது வாஃபிள் குத்திப் பாக்கிறது, பிள்ளை."

"ஐயோ அப்பா! இது டிரிகென்ட்டின்ரை குச்சி!"

"ஆரின்ரை?"

"முன்னுக்கு நிண்டு கையை ஆட்டி எங்களை வாசிக்க வைக்கிறவர். கொண்டக்டர்!"

அடுப்படியிலிருந்து யோகராணி எட்டிப் பார்த்தாள். "கொண்டக்டரோ? இவ்வளவு காலமும் டிறைவரா வைச்சிருந்திட்டு இப்ப கொண்டக்டரா இறக்கிப்போட்டாங்களோ?"

கம்சிகா அதைக் கேட்கவில்லை. தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். கச்சேரி அறிவித்தல். கடைசி வரியில், "வியன்னா மார்ச். விருந்தாளியாக நடத்துபவர்: இரத்தினவேல், முப்பது வருட அனுபவம் கொண்டவர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"முப்பதோ? நீங்கள் ரெயின் ஓடத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம்தானே?" என்றாள் யோகராணி.

"எட்டு வருஷம் மரியாதைக்குக் கூட்டியிருப்பினம்" என்றார் இரத்தினவேல். குரல் அவருடையதாக இல்லை.

அவருக்கு இப்போது எல்லாம் வெளித்துவிட்டது. நோர்வேஜிய மொழியில் மார்ச் மாதத்துக்கும் அணிவகுப்பு இசைக்கும் எழுத்துத்தான் வேறு. ஒஸ்லோக்காரர் வாயில் இரண்டும் "மார்ஷ்"தான். மேரின் கேட்டது மாதத்தை அல்ல, இசையை! மாதத்தை எடுப்பதாக நினைத்து அவர் இசையை எடுத்துவிட்டார்.

"அது என்ன மார்ச் பிள்ளை?"

"வியன்னாவிலை ஒரு ஆள் நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னம் எழுதினது. ஆரோ ஒரு ஜெனரல் சண்டையிலை வெண்டதுக்காக. உங்களுக்குத் தெரியும் அப்பா, வருஷப் பிறப்புக்கு ரீவியிலை போறது. டட-டம், டட-டம், டட-டம்-டம்-டம்! சனம் முழுக்கக் கை தட்டும். மெல்லமாத் தட்டுற இடம் இருக்கு, பலமாத் தட்டுற இடம் இருக்கு. டிரிகென்ட் சனத்தின்ரை பக்கம் திரும்பி நிண்டு அதைக் காட்டவேணும்."

"எவ்வளவு சனம் வரும்?"

"முந்நூறு."

இரத்தினவேல் கதிரையில் உட்கார்ந்தார்.

கம்சிகா அவர் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. விளங்காமல் யா எண்டு சொன்னீங்களோ?"

யோகராணியும் கரண்டியோடு வந்து நின்றாள். இரண்டு சோடிக் கண்கள். இருபத்தாறு வருட அதிகாரம் ஒரு நூலில் தொங்கியது.

"எனக்கோ? விளங்காமலோ?" என்றார் இரத்தினவேல். "எல்லாம் விளங்கித்தான் சொன்னனான்."

"நான் இந்த வருஷம்தான் முதல் வரிசைக்கு வந்தனான் அப்பா" என்றாள் கம்சிகா. குரல் உடைந்துவிட்டது. "நீங்கள் பிழை விட்டால் எல்லாரும் என்னைத்தான் பாத்துச் சிரிப்பினம். பிறகு நான் அங்கை போகமாட்டன்."

தன்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக இரத்தினவேல் இந்த ஊரில் எத்தனையோ இடங்களில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அது பழகிப்போனது. ஆனால் மகளைப் பார்த்துச் சிரிப்பதை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. எப்படியாவது இதிலிருந்து கழன்றுவிடவேண்டும், அதுவும் மொழி விளங்கவில்லை என்ற உண்மை வெளியே வராமல் கழன்றுவிடவேண்டும் என்று முடிவு கட்டினார்.

மறுநாள் காலை மேரினை அழைத்தார். "வலது கை சுளுக்கிவிட்டது. மன்னிக்கவேண்டும். நடத்த முடியாது."

"ஐயோ பாவமே! இடது கை எப்படி?"

"இடது கை..." இடது கைக்கு அவர் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. "அது நன்றாக இருக்கிறது."

"அப்படியானால் கவலையே இல்லை! இடது கையால் நடத்துங்கள். உங்களுக்கா தெரியாது?"

"யா, யா" என்றார் இரத்தினவேல்.

மத்தியானத்துக்குள் பெற்றோரின் முகநூல் பக்கத்தில் செய்தி ஏறிவிட்டது. "கை சுளுக்கியும் மேடையை விட்டுக்கொடுக்காத மனிதர்!" கீழே அறுபத்துநாலு இதயங்கள். முதல் இதயம் இரத்தினவேலின் மேலாளருடையது. அவருடைய மகன் அதே குழுவில் மேளம் அடிப்பவன்.

மேலாளர் உடனே அழைத்தார். "கை சுளுக்கினால் ரயிலை எப்படி ஓட்டுகிறீர்கள்? வைத்தியரிடம் போய்த் துண்டு வாங்கி வாருங்கள். அதுவரை வண்டியைத் தொடவேண்டாம்."

வைத்தியர் கையைத் திருப்பினார், மடக்கினார், நீட்டினார், விரல் விரலாக இழுத்தார். இரத்தினவேல் ஓர் இடத்தில் "ஆ" என்று பார்த்தார். அது நல்ல இடம் இல்லைப் போலும். வைத்தியர் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "இரண்டு கைகளும் பூரண ஆரோக்கியம். எந்த வேலைக்கும் தடையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அந்தத் துண்டு மேலாளரிடம் போனது. மேலாளர் சந்தோஷம் தாங்காமல் அதை மேரினுக்குச் சொன்னார். மேரின் சந்தோஷம் தாங்காமல் இரத்தினவேலை அழைத்தாள்.

"இரண்டு கையும் குணமாகிவிட்டதாமே! அப்படியென்றால் மார்ச்சை இரண்டு தடவை வாசிப்போம்!"

இரத்தினவேலுக்குக் கண்ணைக் கட்டியது. கடைசி முயற்சியாக ஒன்று கேட்டார். "ஒத்திகை எப்போது?" ஒத்திகைக்குப் போய் நின்றால் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைப் பார்த்து அவர்களே இறக்கிவிடுவார்கள், முந்நூறு பேருக்கு முன்னால் மானம் போகாது என்பது கணக்கு.

மேரின் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்கு எதற்கு ஒத்திகை? நீங்கள் தூக்கத்திலும் நடத்துவீர்களே!"

அதுவும் அவருக்கு விளங்கவில்லை. "யா, யா" என்றார்.

இனிப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தொலைபேசியில் படம் பார்த்துக் கண்ணாடியின் முன் நின்று கையை ஆட்டிப் பார்த்தார். பூச்சி விரட்டுவது போல இருக்கிறது என்றாள் யோகராணி. பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"கிருஷ்ணகுமாரி ரீச்சரிட்டைப் போங்கோ. டான்ஸுக்கு நட்டுவாங்கம் செய்யிறவ. பத்துப் பிள்ளையளையும் மிருதங்கத்தையும் வயலினையும் ஒரு ஆளா இழுத்துக்கொண்டு போறா. உதுவும் உப்பிடி ஒரு வேலைதானே?"

கிருஷ்ணகுமாரி ரீச்சர் மோர்டென்ஸ்ருட்டில் இருந்தார். ஒஸ்லோவின் ஒரு தொங்கலில் இருந்து மறு தொங்கலுக்கு, தன்னுடைய சக சாரதிகள் ஓட்டும் ரயிலில், குச்சியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு இரத்தினவேல் மூன்று நாள் போய் வந்தார். ரீச்சருக்கு முப்பத்தைந்து வயது. திருகோணமலைக்காரி. கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. வியன்னா மார்ச்சை ஒரு தடவை கண்ணை மூடிக் கேட்டார்.

"உதுக்கு ஏன் அண்ணை பயப்பிடுறீங்கள்? எண்ணிப் பாருங்கோ, எட்டு எட்டாத்தான் போகுது. ஆதி தாளம் கச்சிதமா இருக்கும். ஒரு தட்டு, மூண்டு விரல் எண்ணிக்கை. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எங்கை, போடுங்கோ பாப்பம்!"

"குச்சி, ரீச்சர்?"

"குச்சியைத் தூக்கி அங்காலை வையுங்கோ!"

மூன்றாம் நாள் முடிவில் இரத்தினவேலின் கை அவர் சொல் கேளாமலே தாளம் போடத் தொடங்கிவிட்டது. சாப்பாட்டு மேசையில் போட்டது. படுக்கையில் போட்டது. வீட்டுக்குப் பக்கத்து ஸ்டோவ்னர் நிலையத்தில் ரயிலை நிறுத்தி, கதவு மூடும் வரை தொடையில் போட்டது.

கம்சிகா அதைப் பார்த்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, டிரிகென்ட் மேலையும் கீழையும்தான் கையைக் காட்டுறவர். விரல் எண்ணமாட்டார்!"

"இதுதான் எனக்கு வரும், பிள்ளை" என்றார் இரத்தினவேல் பரிதாபமாக.

"அப்ப எனக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, கிளாரினெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள்தான் முதலில் சப்பாத்துப் போட்டாள். அப்பாவைத் தனியே விட்டுவிட மனம் வரவில்லை என்று அவள் வாயால் சொல்லவில்லை. இரத்தினவேலுக்கு அது விளங்கியது.

பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம் நிறைந்து வழிந்தது. பின்வரிசையில் ஸ்டோவ்னர்த் தமிழ்ச் சனம் பாதிப்பேர் நின்றார்கள். எல்லோரையும் அழைத்தது யோகராணி. மண்டபத்துக்குள் வாஃபிள் கருகும் நாற்றம் தூக்கியது. வாசலருகே சிற்றுண்டிக் கடையில், ஏப்ரன் கட்டிய வயதான நோர்வேக்காரர் ஒருவர் புகைக்குள் நின்று எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் இரத்தினவேல் போய் அவருக்கு உதவியிருப்பார்.

கடைசி உருப்படி வந்தது. மேரின் அவருடைய பெயரை எப்படியோ ஏழு துண்டுகளாக உடைத்து அறிவித்தாள். இரத்தினவேல் கலியாணக் கோட்டோடு மேடையில் ஏறினார். நாற்பது பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் கம்சிகா கிளாரினெட்டைப் பார்த்தாள்.

கையில் குச்சியை வைத்துக்கொண்டு தாளம் போட முடியாது. எங்கே வைப்பது என்று தெரியாமல், தச்சன் பென்சிலைச் செருகுவது போலக் குச்சியைக் காதில் செருகினார். மண்டபத்தில் எங்கோ ஒரு சிரிப்புக் கேட்டது. கண்ணை மூடி, ரீச்சரை நினைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையில் வலது கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

மேளம் அடிக்கும் பையன் அதையே தொடக்கம் என்று எடுத்துக்கொண்டான். டட-டம், டட-டம்! வியன்னா மார்ச் புறப்பட்டுவிட்டது.

புறப்பட்ட பிறகு அதை யாரும் நடத்தத் தேவையிருக்கவில்லை. அதுவே வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கடைசி மணி அடித்ததும் வெளியே பாயும் பிள்ளைகள் மாதிரிப் பாய்ந்தது. இரத்தினவேல் சனத்தின் பக்கம் திரும்பினார். தட்டினார். சனமும் தட்டியது. சின்ன விரலை எண்ணினார். சனம் ஒரு கணம் திகைத்தது. முன்வரிசையில் ஒரு அம்மா தன் சின்ன விரலைப் பார்த்தாள், பிறகு எண்ணினாள். பக்கத்தில் இருந்தவர் எண்ணினார். மோதிர விரல், நடு விரல். தட்டு. வீச்சு. தட்டு. வீச்சு.

நோர்வேக்காரருக்கு வரிசை என்றால் உயிர். இரண்டாவது சுற்றில் பாதி மண்டபம் பிடித்துக்கொண்டது. மூன்றாவது சுற்றில் முந்நூறு பேரும் ஒன்றாகத் தட்டி, ஒன்றாக விரல் எண்ணி, ஒன்றாக உள்ளங்கையைத் திருப்பினார்கள். மெல்ல வாசிக்கும் இடத்தில் விரல்நுனிகள் மட்டும் சத்தமில்லாமல் தொட்டன. பலமாக வாசிக்கும் இடத்தில் கூரை அதிர்ந்தது. மேலாளர் எழுந்து நின்று தாளம் போட்டார். பின்வரிசையில் யோகராணி, "அது என்ரை மனிசன்!" என்று பக்கத்தில் நின்ற, அதை ஏற்கெனவே நன்றாக அறிந்த ஒருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரத்தினவேல் திரும்பி மகளைப் பார்த்தார். கம்சிகா வாசித்துக்கொண்டே சிரித்தாள். சிரித்ததில் கிளாரினெட் ஒருதரம் கீச்சிட்டது. அதைப் பற்றி அவளும் கவலைப்படவில்லை, அவரும் கவலைப்படவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச்சை இரண்டு தடவை என்று சொன்னதை மூன்று தடவை வாசித்தார்கள்.

முடிந்ததும் மேரின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை! பெரிய கலைஞர் பெரிய கலைஞர்தான்!"

"யா, யா" என்றார் இரத்தினவேல்.

கம்சிகா ஓடிவந்து அவருடைய காதிலிருந்து குச்சியை உருவினாள். "அப்பா, அடுத்த வருஷமும் நீங்கள்தான் எண்டு எல்லாரும் சொல்லுகினம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களுக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சிட்டன்."

அந்த வார்த்தை இரத்தினவேலை என்னவோ செய்தது. முந்நூறு பேரின் கைதட்டலைப் பொய்யோடு வாங்கலாம். மகளின் மன்னிப்பை வாங்க முடியவில்லை. மனைவியையும் மகளையும் வாசல் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒரு விசயம் சொல்லவேணும்" என்றார். "எனக்கு அண்டைக்கு விளங்கேல்லைத்தான். மாதத்தைக் கேக்கிறாள் எண்டு நினைச்சனான். வாஃபிள் சுடுறதெண்டு நினைச்சுத்தான் யா எண்டனான். எனக்கு உங்களை மாதிரி இவையின்ரை நொஸ்க் பாஷை வராது. கன இடத்திலை விளங்காமல்தான் தலையை ஆட்டுறனான்."

சொல்லி முடித்ததும் பத்து மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது அவருக்கு.

"எனக்குத் தெரியும்" என்றாள் யோகராணி. கோபமில்லை. அவருடைய கோட்டின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தாள். "அப்ப நாளையிலையிருந்து கடிதங்களை நான் வாசிக்கிறன். நீங்கள் கேளுங்கோ. என்ன?"

"ஓம்" என்றார் இரத்தினவேல்.

"மூக்குக் கண்ணாடியையும் தாங்கோ."

அதையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு, மனம் லேசானதில் பசி எடுக்க, மூவருமாகச் சிற்றுண்டிக் கடைக்குப் போனார்கள். ஏப்ரன் கட்டிய அந்தக் கிழவர் முகமெல்லாம் மாவோடு, ஒரு பக்கம் கரியும் மறுபக்கம் பச்சை மாவுமாக இருந்த வாஃபிள் ஒன்றை மிகவும் வெட்கத்தோடு நீட்டினார்.

"அருமையாக நடத்தினீர்கள் ஐயா" என்றார் கிழவர். "என்னை மன்னிக்கவேண்டும், எனக்கு இந்த வாஃபிள் வேலை கொஞ்சமும் தெரியாது. முப்பது வருடம் வாத்தியக் குழு நடத்தியவன் நான். மேரின் 'மார்ஷ் எடுப்பீர்களா' என்று கேட்டபோது வியன்னா மார்ச்சைத்தான் கேட்கிறாள் என்று ஒப்புக்கொண்டேன். மறுநாள் இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து தந்தாள். சரி, எனக்குத்தான் காது மந்தம், மாதத்தைக் கேட்டிருக்கிறாள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்."